காட்சி தருவது அதன் விருப்பம்

குழந்தைகளோடு வனவிலங்குகளைப் பார்க்கப் போய்த் திரும்புகிற குடும்பத்தாரிடம் உற்றாரும் அண்டை அயலாரும் முதன்முதலில் கேட்பது ‘என்னவெல்லாம் பார்த்தீர்கள்?’ என்பதுதான். புலி பார்த்தோம், சிங்கம் பார்த்தோம் என்று குழந்தை விரலை மடக்கி எண்ணிச் சொல்லும்போது கேட்பவர் முகம் மலர்வதும், ‘காட்டுக்குப் போனோம், ஒன்றும் கண்ணில் படவில்லை’ என்று சொல்ல நேர்ந்தால் அதே முகத்தில் ஓர் அனுதாபம் படர்வதும், பெட்ரோல் செலவும் விடுமுறையும் வீணாயிற்றே என்று அவர் நமக்காக வருந்துவதும் உலக வழக்கம். அன்பினால் எழுகிற வருத்தந்தான். ஆயினும், பிரயாணம் செய்து சீட்டும் வாங்கி நம் பங்கை நாம் நிறைவேற்றிய பிறகு எதிரே வந்து நிற்பது மிருகத்தின் கடமை என்கிற எண்ணம், யாராலும் ஆராயப்படாமல் அதனுள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணத்தை நம் கையாலேயே குழந்தைகளின் மனத்தில் விதைக்கலாமா என்பது, பேரன் பேத்திகளைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பிராயத்தை அடைந்துவிட்ட எனக்குச் சில காலமாக ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும் கேள்வி.

நாகர்கோவில்காரர்களாகிய எங்களுக்குத் திருவனந்தபுரம் அந்நிய ஊரன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணையும்வரை அதுவே எங்கள் ராஜதானி. இன்றும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும், பெரிய வைத்தியத்துக்கும், பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிசாலை காட்டவும் அங்கே போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். என் மகள் குடும்பம் அங்கேயே குடியிருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நானும் என் மனைவியும் போயிருந்தபோது, குழந்தைகளின் விருப்பப்படி ஒரு சனிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்கும், என் விருப்பப்படி மறுநாள் பொன்முடிக்கும் போவதென்று ஏற்பாடாயிற்று.

திருவனந்தபுரத்து மிருகக்காட்சிசாலை இந்தியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. சங்கீதத்தில் கீர்த்தி பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு மிருகங்களை வளர்த்துப் பார்ப்பதில் பிரியம் இருந்ததென்றும், அவருக்குப் பின் பட்டமேறிய தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், 1850களின் பிற்பகுதியில், அது பொதுஜனங்கள் வந்து பார்க்கும் ஸ்தாபனமாக உருக்கொண்டதென்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்பு. மேடும் பள்ளமுமான தரை. வானளாவி நிற்கும் மரங்கள். நடுவே ஒரு நீர்நிலை. கோடையிலும் நிழல் குறையாத அந்த இடத்தில் குழந்தைகளோடு நடப்பது சுகமான காரியம்.

நீர்யானை கிடக்கும் குளத்தின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். கலங்கிய பச்சை நீருக்கு மேலே இரண்டு காதுகளும் இரண்டு மூக்குத் துவாரங்களும் மட்டுமே தெரிந்தன. சற்றைக்கொரு தரம் அத்துவாரங்கள் திறந்து, ஒரு சீறலோடு நீர்த்துளிகளைத் தெறிக்கவிட்டு, மறுபடி மூடிக்கொண்டன. காது ஒன்று மட்டும் விருட்டென்று சுழன்று ஈயை விரட்டியது. தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு ஓர் இளம் தகப்பனார் வந்தார். அந்தக் குழந்தைக்கு முழு உருவத்தையும் காட்டிவிட வேண்டுமென்ற ஆவலில் கையைத் தட்டினார், கூவினார், கம்பியைத் தட்டி ஓசை எழுப்பினார். மிருகம் அசையாதிருக்கவே, அது தூங்குவதாகக் குழந்தைக்குச் சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். என் பேரனுக்கும் பொறுமை குறைந்துகொண்டுதான் வந்தது. ‘தாத்தா, இது எப்ப எந்திரிக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நீர்யானையோ பகலெல்லாம் தண்ணீரில் அமிழ்ந்து கிடந்து, இருட்டிய பிறகு கரையேறிப் புல் மேய்கிற பிராணி. உச்சிவெயிலில் வெளியே நெடுநேரம் நின்றால் அதன் தோல் உலர்ந்து வெடித்துவிடும். ஆப்பிரிக்க நதிகளிலும் பகலில் அது இருக்கும் இருப்பு இதுதான். ஆகவே அன்று எங்கள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது அதன் யதார்த்தமான வாழ்க்கையே. பார்க்க வந்தவர்களுக்கு அது போதவில்லை.

மிருகக்காட்சிசாலை என்பதே கூடாதென்று சொல்லும் கட்சியை நான் சேர்ந்தவனல்லன். அரேபியப் பாலைவனத்து வெள்ளை மான் 1972ஆம் ஆண்டளவில் வனத்தில் அடியோடு அற்றுப்போனபோது, மிருகக்காட்சிசாலைகளில் பாதுகாத்து வளர்த்த மந்தைகளிலிருந்தே பத்தாண்டு கழித்து அதை ஓமான் நாட்டுப் பாலைக்குத் திரும்பக் கொண்டுபோய் விட முடிந்தது. கூண்டுகளே இல்லாதிருந்தால் அந்த ஜாதி இன்று சித்திரத்தில் மட்டுமே இருந்திருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907இல் கம்பிகளை நீக்கி அகழிகளை அமைத்துத் திறந்தவெளியில் விலங்குகளை வாழவிட்டுக் காட்டியது முதல், சென்னையின் பழைய மிருகக்காட்சிசாலை நெரிசலான நகர மத்தியிலிருந்து 1985இல் வண்டலூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்து விஸ்தாரம் பெற்றது வரை, இந்த ஸ்தாபனங்கள் தம்மைத் தாமே திருத்திக்கொண்டு வந்திருக்கின்றன. மேலும், மூணாறுக்கும் முதுமலைக்கும் கார் வைத்துக்கொண்டு போக வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு, பஸ்ஸில் வந்து சொற்பக் கட்டணம் கொடுத்து ஒரு புலியின் தோளில் தசை உருள்வதைப் பிரத்தியட்சமாகக் காணும் பாக்கியம் இங்கேதான் கிடைக்கிறது. அதை இகழ எனக்கு மனமில்லை. நான் கேட்பது, அங்கே போகும் குழந்தை பார்வையைப் பற்றி என்ன பாடம் கற்றுக்கொண்டு திரும்புகிறது என்பதை மட்டுமே.

சுவிட்சர்லாந்தில் பாசல், சூரிச் நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளுக்குத் தலைவராயிருந்த ஹைனி ஹெடிகர் என்ற விஞ்ஞானி, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒரு நுட்பமான விஷயத்தை எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு விலங்குக்கும் மனிதனை எவ்வளவு கிட்டத்தில் வரவிடலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் நாம் நிற்கும்வரை அது மேயும், உறங்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும். எல்லையைத் தாண்டி ஓர் அடி வைத்தோமானால் எழுந்து போய்விடும். அந்த விலகல் தூரம் அதன் உடம்பின் ஓர் அங்கம் போன்றது. கூண்டில் வைக்கும்போது நாம் அதனிடமிருந்து பறிப்பது இடத்தை மட்டுமல்ல, இந்த விலகலையுமே என்பதை உணர்ந்த ஹெடிகர், பார்வையாளர் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கிக்கொள்ள ஒவ்வொரு கூண்டிலும் ஒரு மறைவிடம் இருந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். மிருகக்காட்சிசாலையின் தலைவரே, மிருகம் காட்சி தராமலிருக்க வழி செய்யுங்கள் என்று சொன்னதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு மிகுகிறது.

இதற்கு ஒரு நிதரிசனத்தைத் திருவனந்தபுரம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கண்டது. திருப்பதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அனுமன் குரங்குகளில் பெண் குரங்கு, கூண்டிலிருந்து திறந்தவெளிக்கு விடப்பட்ட வேளையில் தாவி மரமேறித் தப்பிவிட்டது. சில நாள் மிருகக்காட்சிசாலை வளாகத்து மரங்களிலேயே இருந்தது; பிறகு நகரத்துக்குள் புறப்பட்டுவிட்டது. ஊழியர்கள் மரத்தடியில் உணவை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். அது தளிர் இலைகளைப் பறித்துத் தின்றுகொண்டு, இறங்கி வரச் சம்மதமில்லாமல் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. இன்று எந்த மரத்தில் இருக்கிறதென்று பத்திரிகைகள் எழுதின. மூன்று வாரத்துக்கு மேல் நகரமே அதைப் பற்றிப் பேசியது. ஜூலை முதல் வாரத்தில் நகரத்துக் கட்டடம் ஒன்றினுள் அது அகப்பட்டது. கூண்டில் இருக்கும் குரங்கின் முன் நான்கு விநாடி நின்று நகர்கிற ஜனங்கள், மரத்தில் இருக்கும் குரங்குக்காகக் கழுத்து வலிக்கக் காத்திருந்தார்கள். அதே உடம்பு, அதே வால், அதே கறுத்த முகம். போய்விடக்கூடும் என்கிற நிலை வந்ததும் அதைக் காண்பது ஒரு பேறாகிவிட்டது. எதிரே நிற்பவருக்கு எழுந்து போக வழி இருக்கும்போதுதான் பார்த்தல் என்பது சந்திப்பாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வீடுகளில் விருந்தினர் வந்ததும் அறைக்குள் இருக்கும் குழந்தையைக் கூப்பிட்டு, ‘மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு’ என்று நடுக்கூடத்தில் நிறுத்துகிறோம் அல்லவா? அந்தக் குழந்தை நம் முகத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு, கதவிடுக்கில் போய் ஒளியப் பார்க்கிறது. நாமோ ‘நேற்றெல்லாம் நன்றாகப் பாடினாள்’ என்று விருந்தினருக்குச் சமாதானம் சொல்கிறோம். காட்டப்படுவது என்றால் என்ன என்பதை நம் வீட்டில் மிக நன்றாக அறிந்தவர்கள் குழந்தைகளே. பாட மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போகும் உரிமையைத் தன் குழந்தைக்கு மனப்பூர்வமாகக் கொடுத்தவர், புதருக்குப் பின்னால் போகும் உரிமையை ஒரு மானுக்குக் கொடுக்கத் தயங்கமாட்டார். மகளிடம் இதைச் சொன்னபோது, ‘நம்ம வீட்டுலயும் அதான்ப்பா நடக்கு’ என்று சொல்லி, அன்று மாலை வந்த விருந்தினர் முன்னிலையில் பேத்தியை அவள் கூப்பிடாமலே விட்டுவிட்டாள். பேத்தி தானாக வந்து, யாரும் கேளாத ஒரு விஷயத்தைக் கால்மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நெடுமங்காடு, விதுரை வழியாகப் புறப்பட்டோம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ரப்பர்த் தோட்டங்களும் வீடுகளும் விட்டுவிட்டு வந்து, விதுரைக்கு மேல் மெல்ல அருகி, கல்லாறு என்ற சிற்றாறு உருண்டை உருண்டையான பாறைகளின் நடுவே சலசலத்து ஓடும் இடத்தில் காடு தொடங்குகிறது. அங்கே வனத்துறையின் செக்போஸ்ட். சீட்டு வாங்கிக்கொண்டிருக்கையில் பேரன் கேட்ட முதல் கேள்வி, ‘இங்க என்னெல்லாம் இருக்கு?’ என்பது. யானை, காட்டெருமை, சிறுத்தை, கருமந்தி, மலை அணில், வரையாடு என்று சொன்னேன். ‘எங்க?’ என்றான். காட்டைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்ற பாவனையில் என்னைப் பார்த்தான்.

செக்போஸ்டைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், மூங்கிலின் சிறு வகையாகிய ஈற்றை அடர்ந்து நின்ற ஓரத்தில், பாதையின் மேலேயே யானை லத்தி கிடந்தது. அங்கே நின்ற வாச்சர், ‘ஆனப்பிண்டமாணு, ராவிலெ போயதா’ என்று மலையாளத்தில் சொன்னார். விடியலில் யானை போயிருக்கிறது. என் மனைவி, ‘தொடாதிய பிள்ளைகளே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு குழந்தைகளும் அதன் அருகில் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தையின் தலையளவு இருந்த உருண்டைகள். உடைந்திருந்த ஒன்றின் உள்ளே ஈற்றையின் நார்கள் வைக்கோல்போல் நிறம் மாறாமல் இருந்தன. நன்கு வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தழையும் புல்லும் தின்னுமென்றும், அதில் பாதியைக்கூட அதன் வயிறு ஜீரணிப்பதில்லையென்றும், எஞ்சியவற்றோடு வெளியே வரும் வித்துக்கள் காட்டின் மறுகோடியில் முளைக்கின்றனவென்றும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. சாணி வண்டு ஒன்று தன் உடம்பைவிடப் பெரிதாகத் திரட்டிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, தலைகீழாக நடந்து, பாதையின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது; ஒரு சிறு கல் தடுத்தபோது உருண்டை நழுவித் திரும்ப உருண்டோடிவிட, வண்டு ஓடிப்போய் அதைத் தேடிப் பிடித்து மறுபடி தள்ளத் தொடங்கியது. ஈரத்தில் வந்து உட்கார்ந்திருந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள், பேரன் மூச்சு விட்ட காற்றுப் பட்டதும் கூட்டமாக எழும்பி, அவன் தலையைச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. முந்தின நாள் நீர்யானையின் முன் நிற்கப் பொறுமையற்றிருந்த அதே குழந்தை, அந்த வண்டு புல்லுக்குள் மறையும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகுதான் நிமிர்ந்து, ஈற்றைக் காட்டைப் பார்த்து, தாழ்ந்த குரலில் ‘அது இப்ப எங்க இருக்கும்?’ என்று கேட்டான். செக்போஸ்டில் ஒன்றுமில்லாத காடாக அவனுக்குத் தோன்றிய அதே காட்டில் இப்போது ஒரு யானை இருந்தது. கண்டதனால் அல்ல, கேட்டறிந்ததனாலும் அல்ல, அது விட்டுச் சென்ற அடையாளத்தின் அருகே சிறிது நேரம் இருந்ததனால்.

பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே அடர்ந்த மழைக்காடு, இடையே தேயிலை, மேலே போகப் போக மரங்கள் ஓடை ஓரத்துப் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ள, குன்றுகளின் முதுகெல்லாம் புல்வெளி. அப்பர் சானிட்டோரியம் என்று சொல்லப்படும் உச்சியில் நாங்கள் இறங்கியபோது பனிமூட்டம் சூழ்ந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அருகேயுள்ள வரையாட்டுமுடிப் பாறைகளில் இன்றும் வரையாடுகள் வாழ்கின்றன. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய ஆடு அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து எண்ணினாலும் மூவாயிரத்துக்கும் குறைவு. பனி விலகினால் தூரத்துப் பாறை தெரியும் என்று காத்திருந்தோம். விலகியது, பாறை தெரிந்தது, ஆடு தெரியவில்லை, மறுபடி மூடிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை. இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், நெய்யாற்று அணைக்கருகே, 1980களில் சிங்கங்களுக்கென்று ஒரு சஃபாரி பூங்கா அமைத்தார்கள். குஜராத்தின் வறண்ட கிர் வனத்துக்கு உரிய அந்தப் பிராணியை, வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஈரக் காட்டின் விளிம்பில் வேலி கட்டி வைத்து, ஜனங்கள் வண்டியில் போய்ப் பார்த்துவந்தார்கள். நாளடைவில் சிங்கங்கள் ஒவ்வொன்றாக இறந்து பூங்கா வெறுமையாகிவிட்டது. அந்த வேலிக்கு அப்பால் 1958 முதலே 128 சதுர கிலோமீட்டர் பரப்பில் நெய்யாறு சரணாலயம் இருக்கிறது. வடக்கே 1983இல் அமைந்த பேப்பாறை சரணாலயம். மலைக்குக் கிழக்கே நம்முடைய களக்காடு முண்டந்துறை. யானையும் சோலைமந்தியும் வரையாடும் தம் சொந்த வீட்டில் வாழும் இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, நிச்சயமாகக் காணக் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வேற்று நிலத்துச் சிங்கத்தைத் தேடினோம். நிச்சயத்தின்மேல் நமக்குள்ள இந்த மோகம் சாமானியமானதன்று. அதற்காக ஒரு மிருகத்தின் ஆயுள் முழுவதையும் விலையாகக் கொடுக்க நாம் கூசுவதில்லை.

பனிக்குள் நின்றபடி பேத்திக்கு வேறொன்று சொன்னேன். அவள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் பேப்பாறை அணையில் தேங்கும் கரமனையாற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறப்பது, பொன்முடியும் சேர்ந்த இந்த அகத்தியமலைத் தொடரின் காட்டில். இதே தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரவருணிதான் திருநெல்வேலியின் வயல்களை எல்லாம் நனைக்கிறது. புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடுவதனால்தான் ஆறு வற்றுவதில்லை. ‘அப்ப அந்த யானை தின்ன காட்டுத் தண்ணியைத்தான் நாங்க குடிக்கோமா?’ என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் அதை எந்த விதமாக மனத்தில் வாங்கிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது; ஆனால் அந்தக் காட்டைத் தனக்குச் சம்பந்தமில்லாத வேடிக்கை ஸ்தலமாக அவள் இனிமேல் நினைக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

இரவு வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாள், எதிர்பார்த்தபடியே, ‘என்னெல்லாம் பாத்தீங்க?’ என்று கேட்டார்கள். பேரன் முதல் நாள் கண்ட புலியைத்தான் முதலில் சொன்னான். அதன் பல்லையும் நடையையும் அபிநயத்தோடு காட்டினான். அதில் நான் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை, புலி புலிதான். ஆனால் அடுத்தபடியாக, ‘பொன்முடியில ஒரு யானை இருக்கு’ என்றான். பார்த்தாயா என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, இல்லை என்று சொல்ல அவனுக்குத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை.

வரையாட்டைப் பார்த்தே தீரவேண்டும் என்பது பேத்தியின் பிடிவாதம். மூணாற்றுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவில் அவை மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை; சாலையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும் என்று சொன்னேன். பொங்கல் லீவு முடிந்த கையோடு பிப்ரவரியில் போகலாமே என்றாள் மகள். பிப்ரவரியும் மார்ச்சும் ஆடுகள் குட்டி போடும் காலம். அந்த இரண்டு மாதமும் வருஷந்தோறும் பூங்காவின் கதவைப் பார்வையாளருக்கு அடைத்துவிடுவார்கள். ‘யாரு வந்தாலும் விடமாட்டாங்களா?’ என்று பேரன் கேட்டான். யார் வந்தாலும் விடமாட்டார்கள் என்றேன். ‘டிக்கெட் எடுத்தா?’ என்றான். டிக்கெட்டே கொடுக்கமாட்டார்கள் என்றேன். அவன் அதைச் சற்று நேரம் யோசித்தான். பேத்தி காலண்டரை எடுத்துவந்து ஏப்ரல் மாதத் தாளைப் புரட்டி, பரீட்சை முடியும் தேதியைத் தேடத் தொடங்கினாள்.